சுகர் நார்மல், இதயம் எப்படி? சர்க்கரை நோயாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும்தான். ஆனால் நம்மவர்கள் டாக்டரிடம் போனால் கேட்பது ஒரே கேள்வி: "சுகர் எவ்வளவு இருக்கு?" மற்ற பல தவறுகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் 112, சாப்பிட்ட பின் 158, மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 6.7. சரி, கன்ட்ரோலில்தான் இருக்கிறது என்று மடித்து வைத்துவிடுவார்கள். அடுத்த பக்கத்தில் ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 248, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 33 என்று இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ட்ரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்கியிருந்தால், மாத்திரை சர்க்கரையைக் குறைத்திருக்கிறதே தவிர, அடியில் இருக்கும் இன்சுலின் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் இதுதான்: இன்சுலின் சுரக்கிறது, ஆனால் தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. கல்லீரல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், கூடவே கொழுப்பையும் அதிகமாகத் தயாரித்து அனுப்பும். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் துகள்கள் சின்னதாகவும் அடர்த்தியாகவும் மாறி ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும். இந்த எதிர்ப்பை ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்க, சிறுநீரகம் மட்டும் அதன் பேச்சைக் கேட்டு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரஷர் ஏறும். இதெல்லாம் சுகர் இருப்பது தெரியவருவதற்குப் பல வருடம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

அப்படியானால் சர்க்கரையை இன்னும் அழுத்திக் குறைத்தால் இதயம் தப்பிக்குமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த அக்கார்ட் ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. மூன்று மாத சராசரியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் இறப்பு அதிகமானதால் 2008-ல் அந்தச் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதற்காகச் சர்க்கரையை விட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள், கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வில் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, உணவு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. எனக்குத் தெரிந்து சர்க்கரை நோயாளிகளுக்கு இதைவிட நம்பிக்கை தரும் செய்தி இல்லை, ஆனால் அது அவர்கள் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அடுத்த தவறு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்துவது. "கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு, எதுக்கு மாத்திரை?" என்று கேட்டுவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் அச்சடித்த நார்மல் பொதுவான ஆளுக்கு. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 55-க்குக் கீழே. கொழுப்பு பெரிதாக ஏறாத சர்க்கரை நோயாளிகளுக்கே அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டின் 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த கார்ட்ஸ் ஆய்வில் பெரிய இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன, பலன் தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்டதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே முடித்தார்கள். ஸ்டேட்டின் சுகரைக் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மைதான். இதயத்துக்குக் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரியது. தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாறலாம்.

பிரஷர் மாத்திரைக்கும் இதே கதி. 130/80-க்குக் கீழே வந்ததும் "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். மாத்திரை போட்டதால்தான் வந்தது, நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும்.

ஒல்லியாக இருப்பவர்கள் தங்களுக்குப் பயமில்லை என்று நினைப்பது நம் ஊரில் ரொம்பவே ஆபத்து. கை கால் மெலிந்து தொப்பை மட்டும் முன்னால் நிற்கிற உடல்வாகு நமக்குச் சகஜம், வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேரும் கொழுப்புதான் இன்சுலின் எதிர்ப்பை வளர்க்கிறது. எடை மெஷினைவிட டெய்லர் டேப் உபயோகம். இந்தியர்களில் ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய தவறு, சோற்றை நிறுத்திவிட்டு ராத்திரி ஐந்து சப்பாத்தி சாப்பிடுவது. அதுவும் மாவுச்சத்துதான். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்ச கால் பங்கு சோறோ சப்பாத்தியோ என்று மாற்றினால்தான் வித்தியாசம் தெரியும். ஊறுகாய், அப்பளம், கருவாடு தினமும் வேண்டாம், ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

காலையில் அரைமணி நேரம் நடந்துவிட்டு மிச்ச நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் போதாது. வேலை செய்யும் தசை, இன்சுலினின் தயவில்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அந்தப் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். அதனால் தொடர்ந்து இரண்டு நாள் லீவு விடாதீர்கள், சாப்பிட்டதும் பத்து நிமிடமாவது நடங்கள், வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மாதிரி தசைக்கு வேலை கொடுங்கள்.

பீடி, சிகரெட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இன்றோடு விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள், ரத்தக்கசிவு வரலாம். எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி இதயத்தையும் சேர்த்துக் காக்கும் சுகர் மாத்திரை தனக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்காமல் இருப்பதும் தவறுதான். 2025-ல் காப்புரிமை முடிந்தபின் அதன் விலை நன்றாக இறங்கிவிட்டது.

கடைசியாக ஒன்று, இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை பல வருடம் இருந்தால் இதயத்துக்குப் போகும் நரம்புகளும் கெடும், நெஞ்சு வலிக்காமலேயே மாரடைப்பு வரலாம். சட்டை நனைகிற வியர்வை, மூச்சு வாங்குதல், தாடையிலோ மேல் வயிற்றிலோ ஓர் அழுத்தம், காரணம் தெரியாத களைப்பு, இவ்வளவுதான் தெரியும். அப்போது "கேஸ்தான்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். குளுக்கோமீட்டர் கையருகே இருந்தால் ஒருமுறை பாருங்கள், சுகர் இறங்கினாலும் இப்படித்தான் வியர்க்கும். இறங்கவில்லை என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம். முதல் இசிஜி நார்மல் என்றாலும் தொந்தரவு தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.