கறிக்கோழியைப் பிடித்துக் கூடையிலேற்றி அனுப்பும் முறை

சிங்கப்பூரில் முட்டைக்கோழிப் பண்ணைகள் உண்டே தவிர, கறிக்கோழிகள் பெரும்பாலும் மலேசியப் பண்ணைகளிலிருந்து உயிரோடு லாரியில் வந்து, துவாஸ் சோதனைச்சாவடியில் பரிசோதிக்கப்பட்ட பிறகே அறுப்புக்கூடம் சேர்கின்றன. அவற்றை இறக்கிக்கொள்ளும் பணியில் இருப்பவன் நான். ஐந்தாறு வாரம் கவனமாக வளர்த்த கோழி கடைசி ஓர் இரவில் வீணாவதைக் காண்பது மனத்தை வருத்துகிறது.

கோழியை அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரத்துக்கு முன் தீவனத்தை நிறுத்த வேண்டும். பயண நேரமும் சோதனைச்சாவடியில் காத்திருக்கும் நேரமும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குடல் நிறைந்திருந்தால் எச்சம் இறைச்சியில் படும். அளவுக்கு மீறிப் பட்டினி போட்டாலோ குடல் மெலிந்து அறுக்கும்போது கிழியும். கோழிகளைப் பிடிக்கத் தொடங்கும்வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது.

இரவில், மங்கலான வெளிச்சத்தில் பிடிப்பதே நல்லது. தீவனத் தட்டுகளை உயர்த்திவிட்டு, கோழிகளைச் சிறு கூட்டங்களாகத் தடுத்துக்கொள்ளுங்கள். மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அடியிலிருப்பவை மூச்சுத் திணறிச் சாகும். இரு கைகளாலும் சிறகுகளை உடலோடு அணைத்து, நிமிர்ந்த நிலையில் தூக்குவதே சிறந்த முறை. காலைப் பிடித்துத்தான் தூக்க வேண்டுமெனில் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒற்றைக் காலில் தொங்கவிட்டால் தொடை மூட்டு நழுவிவிடும். கழுத்தையோ சிறகையோ பிடித்துத் தூக்கவே கூடாது.

இறகு நீக்கிய பின் எல்லாம் தெரிந்துவிடும். தொடையில் கன்றிய இடம் சிவப்பாக இருந்தால் அது புதிய காயம், பிடித்தபோதோ ஏற்றியபோதோ பட்டது. பச்சை நிறம் ஏறியிருந்தால் பண்ணையிலேயே ஒரு நாளுக்கு முன் பட்டது. யாரிடம் பேச வேண்டும் என்பதை அந்த நிறமே சொல்லிவிடும்.

கூடையில் எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார இடம் இருக்க வேண்டும். வெயில் கடுமையான நாளில் ஒன்றிரண்டைக் குறைத்தே ஏற்றுங்கள். மூடியை அழுத்துமுன் தலையோ சிறகு நுனியோ விரலோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நொண்டும் கோழியையும் நோயுற்றதையும் ஏற்ற வேண்டாம்.

கோழிக்கு வியர்க்காது, வாய் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அந்த இளைப்பும் போதிய பலன் தராது என்பதால், அடுக்குகளுக்கிடையே காற்று புகும் இடைவெளி கட்டாயம் தேவை. ஓடும் லாரியைவிட நிற்கும் லாரியே ஆபத்தானது. ஒருமுறை நண்பகலில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்த லாரியை இறக்கினோம். ஓரத்துக் கூடைகளில் கோழிகள் நன்றாகவே இருந்தன. நடுவரிசைக் கூடைகளைத் தூக்கியபோது உள்ளே அசைவே இல்லை. எனவே இரவிலேயே புறப்படுங்கள், தாமதமானால் நிழலில் நிறுத்துங்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் தண்ணீர் தெளிப்பது புழுக்கத்தைத்தான் கூட்டும். மின்விசிறி ஓடும் இடத்தில் மட்டும் தெளியுங்கள்.

இறக்கிய கூடைகளைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்த பிறகே பண்ணைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கம்பி முறிந்த கூடை தென்பட்டால் அப்போதே ஒதுக்கிவிடுங்கள். அடுத்த பயணத்தில் அது சிறகைக் கிழிக்கும்.