பதினேழரை வயதில் ராணுவத்துக்கு: பெற்றோர் கையொப்பம் பெறும் முறை

அக்னிபத் திட்டத்தின் கீழ் பதினேழரை வயதிலேயே அக்னிவீராகச் சேரலாம் என்றாலும், 1875ஆம் ஆண்டின் வயது வருதல் சட்டப்படி 18 நிறையும் வரை அந்தப் பிள்ளை சிறார்தான். கலிபோர்னியாவில் முழுநேரப் படைப்பணியில் இருப்பவர் 18 வயதுக்கு முன்பே பெற்றோரின் பொறுப்பிலிருந்து சட்டப்படி விடுபடுகிறார். நம் நாட்டில் அத்தகைய வழி இல்லை. எனவே சேர்க்கைப் படிவத்தில் தந்தை, தாய் அல்லது பாதுகாவலர் கையொப்பமிட வேண்டும்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தகப்பன் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கும் வீடுகள் ஏராளம் என்பதால், தேர்வு தொடங்குமுன்பே அவரிடம் மனம் விட்டுப் பேசி, அவர் வந்து கையெழுத்திடும் நாளை முடிவுசெய்துவிடுங்கள்.

பெற்றோர் இருவரும் இல்லையெனில் கவனம் தேவை. தாய்மாமன் வளர்த்திருந்தாலும் அவர் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. பாதுகாவலரை நியமிப்பதற்கான 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து ஆணை பெற வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கட்டணம் செலுத்த இயலாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; சிறாருக்கு அங்கே இலவச உதவி உண்டு.

பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள்.

சீருடை அணிந்த பின்னும் 18 நிறையும் வரை வாக்குரிமை கிடையாது; தன் பங்கு நிலத்தை விற்கவும் இயலாது.