பல் கிளினிக்கில் பிரஷர், சுகர் பார்ப்பது: நோயாளி மனமுவந்து சம்மதிக்க

பல் வலிக்காக வந்தவரிடம் திடீரென்று விரலை நீட்டச் சொன்னால், “பல்லுக்குத்தானே வந்தேன், சுகர் எதற்கு?” என்று கேட்கத்தான் செய்வார். அதை மறுப்பு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அவர் கேட்பது காரணத்தை.

காரணத்தை அவர் வாயில் இருப்பதை வைத்தே சொல்லுங்கள். “உங்கள் ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும்; ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் சிரமம். ஒரு சொட்டு இரத்தத்தில் பார்த்துவிடலாமா?” இவ்வளவு போதும். எவ்வளவு நேரம் ஆகும், கட்டணம் உண்டா, முடிவை யார் பார்ப்பார்கள் என்பதையும் அவர் கேட்குமுன் சொல்லிவிட வேண்டும். வரவேற்பு மேசையில், பத்துப் பேர் காதில் விழும்படி “உங்களுக்கு சுகர் இருக்கா?” என்று கேட்டால் பலர் “இல்லை” என்றுதான் சொல்வார்கள். படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது உள்ளே அழைத்துக் கேளுங்கள். பிரஷருக்கும் சுகருக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். ஊசிக்குப் பயப்படுபவர்கூட பிரஷர் அளக்கும் பட்டையைக் கையில் கட்ட மறுக்கமாட்டார்.

பிரஷரை மரப்பு ஊசி போடுமுன் பாருங்கள். பல் பிடுங்கும் பயத்திலேயே அளவு ஏறும் என்பதால், கருவித் தட்டைக் கண்ணில் காட்டாமல் 5 நிமிடம் உட்கார வையுங்கள். சாய்த்த பல் நாற்காலியில் பாதம் தரையில் படியாது, கையும் சரியான மட்டத்தில் நிற்காது. அதனால் சாதாரண நாற்காலியே நல்லது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றக்கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு பொய்யாகக் கூடும். அதனால் பெரிய பட்டை ஒன்றும் கைவசம் இருக்கட்டும். அளக்கும்போது நீங்களும் பேசாதீர்கள், அவரையும் பேசவிடாதீர்கள். முந்தைய 30 நிமிடத்தில் காபியோ புகையோ உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரியை எழுதுங்கள்.

சுகர் பார்க்கும்போது அதிகம் நேரும் பிழை, கை கழுவாதது. பழம் தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவை ஏற்றிவிடும். சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். அங்கே வலி குறைவு. இரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியைப் பாருங்கள். விரலைக் குத்தும் லான்செட் ஊசியை ஒருவருக்கு ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

முடிவைச் சொல்லும் இடத்தில்தான் நம்பிக்கை நிலைப்பதும் போவதும். “உங்களுக்கு பிரஷர் இருக்கிறது” என்று அறிவித்துவிடாதீர்கள்; ஒருநாள் அளவை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. “இன்று 152/94 காட்டுகிறது. 140/90-க்கு மேல் இருப்பதால் பொது மருத்துவரிடம் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்” என்பதே சரி. 180/110-ஐத் தொட்டால் அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒருபக்கம் பலவீனம் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். வெறும் வயிற்றில் சுகர் 126 அல்லது அதற்கு மேல், எந்த நேரத்திலும் 200 அல்லது அதற்கு மேல் என்றால் ஆய்வகப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அங்கேயே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள்.

வாய்மொழியாகச் சொன்ன எண் வீடு போய்ச் சேராது. தேதி, நேரம், அளவு, யாரிடம் போக வேண்டும் என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, அடுத்த முறை வரும்போது “டாக்டரைப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.

வேண்டாம் என்பவரை வற்புறுத்த வேண்டாம்; மறுத்ததால் பல் சிகிச்சை நிற்காது என்று சொல்லுங்கள். ஆனால் பல் பிடுங்குவதற்கு முன் பிரஷர் பார்ப்பது அவர் பாதுகாப்புக்காக. அதை விருப்பத் தேர்வு போலக் கேட்காமல் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே விளக்குங்கள்.