கூகுள் மேப்பில் நாட்டிய வகுப்பு: வேலூர் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையைப் பரதநாட்டியத்தில் சேர்க்க நினைக்கிறவர்கள் முன்பெல்லாம் கோயிலிலோ பள்ளிக்கூட வாசலிலோ விசாரிப்பார்கள். இப்போதும் விசாரிக்கிறார்கள்தான். ஆனால் சி.எம்.சி. மருத்துவமனை, வி.ஐ.டி. பல்கலைக்கழக வேலைக்காக வேலூருக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு விசாரிக்க ஆள் கிடையாது. அவர்கள் போனை எடுத்து "பக்கத்தில் பரதநாட்டியம் கிளாஸ்" என்று தேடுகிறார்கள். அந்தத் தேடலில் முதலில் வருவது வரைபடமும் அதன் கீழே மூன்று நான்கு பெயர்களும். அதில் நம் பெயர் இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு நாம் இருப்பதே தெரியாது.

சத்துவாச்சாரியில் ஒரு நாட்டியப் பள்ளியின் அலுவலக வேலை என் பொறுப்பு. சேர்க்கை, கட்டணம், மாணவிகள் முதன்முதலாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜைக்கு மண்டபம் பிடிப்பது, கூடவே கூகுள் பக்கமும், அதாவது மேப்பில் பள்ளியின் பெயர், முகவரி, போன் எண், ரிவ்யூ எல்லாம் காட்டும் பக்கம். நாங்கள் ஆரம்பத்தில் பட்ட பாட்டையே புதிதாக வகுப்பு தொடங்கும் ஆசிரியைகள் இன்றைக்கும் படுகிறார்கள். மங்கலான படம், பழைய போன் எண் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை கண்ணில் பட்டதும் திருத்திவிடலாம்.

பள்ளியின் பக்கம் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது?

இன்றும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். வகுப்பு தொடங்கும் பரபரப்பில் போர்டு அடித்துத் தருபவரிடமோ, "ஆன்லைன் எல்லாம் நான் பார்த்துக்கிறேன் மேடம்" என்று வருபவரிடமோ முழுப் பொறுப்பையும் கொடுத்துவிடுகிறார்கள். அவர் தன் ஜிமெயிலில் கணக்கைத் திறக்கிறார். பள்ளியின் பெயரும் படமும் ரிவ்யூவும் நம்முடையவை, உரிமையாளர் மட்டும் அவர். எல்லாம் நன்றாகப் போகும்வரை இது தெரியவே தெரியாது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி காந்தி நகருக்கு வகுப்பை மாற்றினார். பக்கத்தைத் திறந்து கொடுத்தவருக்கு மாதப் பணம் கொடுப்பதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். முகவரியை மாற்றித் தரச் சொன்னால் அவர் போனை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த எண்ணும் அவருடையதுதான், விசாரிக்கும் அழைப்பெல்லாம் அங்கேதான் போனது. விஜயதசமி அன்று காலை, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்துக்கொண்டு, பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையோடு சில குடும்பங்கள் பழைய வீட்டின் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றிருக்கின்றன. கேட்டில் "வீடு வாடகைக்கு" அட்டை தொங்கியது. நல்ல நேரம் முடிவதற்குள் அவர்கள் வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள். அந்த வருடச் சேர்க்கையில் அந்த அம்மாவுக்கு விழுந்த அடி சின்னதல்ல.

அதற்கு மேல் அவர் செய்ததுதான் இன்னும் பெரிய சேதம். பழையது கைக்கு வராது என்று முடிவுகட்டி, அதே பெயரில் புதிதாக இன்னொரு பக்கம் திறந்தார். பல வருடமாகப் பெற்றோர் எழுதிய ரிவ்யூக்கள் எல்லாம் பழையதில். புதியதோ வெறும் பலகை. தேடினால் பழையதுதான் மேலே வந்தது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் இருக்கக் கூடாது என்பது கூகுளின் விதி, அதனால் புதியதற்கும் சிக்கல் வந்தது.

இடம் மாறினால் புதுப் பக்கம் வேண்டாம், "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று குறிக்கவும் வேண்டாம். இருக்கும் பக்கத்திலேயே முகவரியைத் திருத்தினால் ரிவ்யூக்களை இழக்க வேண்டியதில்லை. பக்கம் வேறொருவர் கையில் இருந்தால், மேப்பில் உங்கள் பள்ளியைத் திறந்து, அது உங்களுடையது என்று உரிமை கோரும் வசதி இருக்கிறது. கோரிக்கை இப்போதைய உரிமையாளருக்கு மின்னஞ்சலாகப் போகும். பதில் சொல்ல அவருக்கு 3 நாள். அவர் வாயே திறக்காவிட்டால், இடத்தையும் போர்டையும் வீடியோ எடுத்துக் காட்டுவது போன்ற சரிபார்ப்பு மூலம் உரிமை பெறும் வாய்ப்பை கூகுள் பல நேரம் தருகிறது. மறுத்துவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமை வந்ததும் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். புதிதாக வந்த உரிமையாளர் முதல் 7 நாள் மற்றவரை நீக்க முடியாது, பொறுத்திருந்து நீக்குங்கள். முதன்மை உரிமையாளர் ஆசிரியரின் சொந்த ஜிமெயிலாகவே இருக்க வேண்டும், அந்த ஜிமெயிலை மீட்கும் போன் எண்ணும் அவருடையதாக இருக்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்தால் அவரை மேலாளராக மட்டும் சேர்த்தால் போதும். மேலாளர் படம் போடலாம், நேரம் மாற்றலாம், ஆனால் யாரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. மாணவியின் அண்ணன் செய்து கொடுத்தாலும் இதே முறைதான். நல்ல பையன்தான், நாளைக்கு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவான்.

பெயரோடு விளம்பரத்தை ஒட்டுவது

போர்டில் என்ன பெயரோ அதுதான் பக்கத்திலும். "வேலூரின் நம்பர் ஒன் பரதநாட்டியம் கிளாஸ்" என்று பின்னால் சேர்த்தால் பக்கமே முடக்கப்படலாம்.

வகை

"நடனப் பள்ளி" என்று தேர்ந்தெடுங்கள். வெறும் "பள்ளி" வேண்டாம்.

பாலாற்றைத் தாண்டப் பார்ப்பது

உள்ளூர்த் தேடலுக்குக் கூகுள் சொல்லும் அளவுகோல் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்பது. காந்தி நகரில் வகுப்பு வைத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகாயத்தில் தேடுபவருக்கும் முதலில் தெரிய வேண்டும் என்று தலையால் தண்ணீர் குடிக்கிறார்கள். தூரத்தை யாரும் மாற்ற முடியாது. வாலாஜாவில் இருப்பவர் வேலூர் என்று எழுதிக்கொள்வதும் வீண்வேலை. 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு அவர் ஊர் இராணிப்பேட்டை மாவட்டம், அங்கே தேடும் பெற்றோர்தான் அவருக்கு வருவார்கள். சாயங்காலம் ஐந்தரை மணி வகுப்புக்குக் குழந்தையை ஸ்கூட்டியில் வைத்துப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வாரம் இரண்டு நாள் வர எத்தனை அம்மாக்களால் முடியும்? நம் தெருவைச் சுற்றி இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தால் வகுப்பு நிறையும்.

ரிவ்யூ

சலங்கை பூஜை அன்று எல்லாப் பெற்றோரையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் ஐந்து நட்சத்திரம் போடவைப்பது வேண்டாம். அப்படி மொத்தமாக வருபவை மறைக்கப்பட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ரிவ்யூவுக்காகக் கட்டணத்தில் குறைப்பது விதிக்கே விரோதம். குழந்தை அடவுகள் என்ற அடிப்படைப் பயிற்சியை முடித்து, முதல் உருப்படியான அலாரிப்பு தொடங்கும் வாரத்தில் அந்த அம்மாவிடம் மட்டும் கேளுங்கள். மனசு நிறைந்திருக்கும், தானாக எழுதுவார். தமிழோ தெலுங்கோ உருதுவோ, அவருக்கு வருகிற மொழியில் எழுதட்டும். பதில் எழுதுவதை மட்டும் நீங்கள் மறக்காதீர்கள்.

வேலை நேரம்

"24 மணி நேரமும் திறந்திருக்கும்" என்று விடாதீர்கள்.

வீட்டு முகவரி

வீட்டிலேயே சொல்லித்தரும் பெண்கள் பலர் முகவரியைப் போடத் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதுதான். நீங்கள் அடுக்குமாடிகளுக்கோ மாணவர் வீட்டுக்கோ போய்ச் சொல்லித்தருபவர் என்றால் முகவரியை மறைத்து, போகும் பகுதிகளை மட்டும் குறிப்பிடுங்கள், அதற்கு வழி இருக்கிறது. மாணவர்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் முகவரி தெரியத்தான் வேண்டும். அப்போது மேப்பில் இடத்தைக் காட்டும் குறியைத் தெருமுனையில் விடாமல் உங்கள் வாசலிலேயே வையுங்கள், மாடிப்படி எந்தப் பக்கம் என்று தெரியும்படி வெளிப்புறப் படம் ஒன்றைச் சேருங்கள். வகுப்பில் ஆடும் பிள்ளைகளின் படத்தைப் போடுவதற்கு முன் அவர்கள் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.