வளவில் ஒரு விண்ணோடம்: கலிலியோவை முழு அளவில் கட்டும் முறை

விஞ்ஞானப் புனைகதைகளில் வரும் விண்கலங்களுள் எதனை வீட்டு வளவில் முழு அளவில் கட்டலாம் என்று எவரேனும் கேட்டால், ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரில் வரும் கலிலியோ என்ற சிறு ஓடத்தையே நான் சொல்வேன். அதன் புகழுக்காக அன்று. அதன் உடல் பெரும்பாலும் தட்டையான முகங்களால் ஆனது என்பதற்காக. 1966இல் படப்பிடிப்புக்கென அதனைச் செய்தபோது, முதலில் எண்ணியிருந்த வளைவான வடிவத்துக்குச் செலவு மிகும் என்று கண்டு, தட்டையான பக்கங்களையுடைய இவ்வடிவத்தைத் தெரிந்தெடுத்தார்கள். கட்டிக்கொடுத்தவர் கார் உடல்களை மாற்றியமைப்பதில் பேர்பெற்ற ஜீன் வின்ஃபீல்ட். உழவு இயந்திரப் பெட்டியும் லொறிக் கூடும் கட்டுகின்ற கிளிநொச்சிப் பட்டறைக்காரருக்குத் தெரியாத வேலை எதுவும் இதில் இல்லை.

அந்த மூல ஓடத்துக்கு நேர்ந்த கதியையும் அறிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. தொடர் முடிந்தபின் அது பல தசாப்தங்கள் கைமாறிக் கைமாறி, திறந்த வெளியில் கிடந்து சிதைந்தது. 2012இல் ஏலத்தில் வாங்கப்பட்டுத் திருத்தப்பட்டு, 2013 யூலையில் ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. உக்கிப்போன மரப்பகுதிகளைப் பெருமளவு புதிதாகச் செய்ய நேர்ந்தபோதிலும், உள்ளே இருந்த இரும்புச் சட்டகத்தைக் காப்பாற்ற முடிந்தது. கறையானும் மாரிமழையும் சோளகக் காற்றும் உள்ள வன்னியில் இந்த ஒழுங்கை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டு, சட்டகத்தை நிலையானதாகவும் தோலைக் கழற்றி மாற்றக்கூடியதாகவும் அமைக்க வேண்டும்.

முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். கதையில் கலிலியோ 24 அடி ஓடம் என்று சொல்லப்படுகிறது. படப்பிடிப்புக்குச் செய்யப்பட்ட வெளியுடலோ ஏறத்தாழ 22 அடி நீளமானது. திரையில் நாம் பார்க்கும் உட்புறம் வேறாகக் கட்டப்பட்ட அரங்கு என்பதால், அது இந்த வெளியுடலுக்குள் அடங்காது. வெளித்தோற்றம் மட்டும் போதும் என்பவர் 22 அடியிலேயே நின்றுகொள்ளலாம். உள்ளே ஆட்கள் நிமிர்ந்து நடக்க வேண்டுமென்று விரும்பி நீளத்தை 28 அடியாக்கி மற்ற அளவுகளையும் அதே விகிதத்தில் கூட்டினால், மூடவேண்டிய பரப்பு 60 வீதத்துக்கு மேல் கூடிவிடும். செலவும் ஏறக்குறைய அதே கணக்கில் ஏறும். முதன்முறை கட்டுபவருக்கு 22 அடியே போதுமானது என்பது என் எண்ணம். குனிந்து நுழைவதில் ஒரு குறையும் இல்லை.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் முன், பக்க, மேல் தோற்றங்களைத் தாளில் வரைந்து, அதே அளவில் ஓர் அட்டை மாதிரியைச் செய்துகொள்ளுங்கள். வரைபடத்தில் பொருந்துவதுபோலத் தெரியும் சரிவுகள் பொருந்தாமற் போகும் இடம் அட்டையை மடிக்கும்போதுதான் தெரியவரும். அதன்பின் பக்கத் தோற்றத்தை உண்மை அளவில் தரையில் வரைய வேண்டும். இதற்கு நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தைவிடச் சிறந்த இடம் ஊரில் கிடையாது. நூலில் சுண்ணாம்புத்தூள் தடவி அடித்து நேர்கோடுகளை இட்டு, ஒவ்வொரு சட்டத்தையும் அந்தக் கோட்டின்மேல் வைத்தே வெட்டினால், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல வரும்.

தளம் எப்போது வெறுமையாக இருக்கும் என்பதே வேலையின் காலத்தையும் தீர்மானிக்கிறது. காலபோக அறுவடை முடிந்து நெல் அள்ளப்பட்டபின் வரைதலையும் வெட்டுதலையும் தொடங்கி, சிறுபோக நெல் தளத்துக்கு வருமுன் சட்டங்களை அங்கிருந்து அகற்றி, ஒக்டோபர் மழைக்கு முன்னர் கூரையை மூடிவிட வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் சோளகம் வீசும் என்பதால், அகலமான பலகைகளைத் தூக்கிப் பொருத்தும் வேலையைக் காலையில், காற்று எழுமுன் முடித்துக்கொள்வது பாதுகாப்பானது.

இனி நிலம். குழி தோண்டுமுன் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டது என்பதை உறுதிசெய்யுங்கள். பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் வளவாக இருந்தாலும், முன்பு ஆழமாகத் தோண்டாத மூலையில் இனந்தெரியாத இரும்பு ஏதும் தென்பட்டால் அதனைத் தொடாமல் வேலையை நிறுத்திப் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் அலங்காரத்துக்கென்று குழாயும் உருளையும் பொறுக்கும்போதும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இன்னதென்று தெரியாத உலோகப் பொருள் எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம்.

அத்திவாரத்தின் வேலை ஓடத்தைத் தாங்குவதைவிட, அதனைப் பறக்கவிடாமல் பிடித்துவைப்பதே. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, நிமிர்ந்து நிற்கும் பரப்பின் ஒரு சதுர மீற்றரை ஏறத்தாழ 17 கிலோ பாரத்துக்கு ஈடாகத் தள்ளும். பக்கம் 22 அடி நீளமும் 8 அடி உயரமும் என்று வைத்துக்கொண்டால், அது 16 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். எனவே மொத்தத் தள்ளுகை 280 கிலோ அளவில் வரும். வேகம் 90 கிலோமீற்றராகும்போது அது இரண்டே கால் மடங்காகி 600 கிலோவைத் தாண்டிவிடும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயல் வன்னியைக் கடந்துதான் மன்னார்ப் பக்கம் சென்றது என்பதை நினைத்தால், இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பது விளங்கும். மேலும் கலிலியோ நிலத்திலிருந்து உயர்ந்து நிற்பதால் காற்று அடியிலும் புகுந்து தூக்கும். ஒன்றரை அடிச் சதுரமும் மூன்று அடி ஆழமும் கொண்ட ஒரு கொங்கிறீற் குற்றி ஏறத்தாழ 450 கிலோ நிறை கொண்டது. அத்தகைய எட்டுக் குற்றிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் போல்ற்றுகளை முன்கூட்டியே புதைத்துவிடுங்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இன்னும் ஆழம் தேவைப்படும்.

சட்டகத்துக்கு ஒன்றரை அங்குலப் பொக்ஸ் பார், அதாவது உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய், போதும். இரண்டு அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, நீளவாட்டில் இணைத்து, மூலைவிட்டமாகத் தாங்கு கொடுக்க வேண்டும். மூலைத்தாங்கு இல்லாத கூடு எவ்வளவு கனமாக இருந்தாலும் ஆடும். முழுவதையும் ஒன்றாக ஒட்டிவிடாமல் மூன்று துண்டுகளாகச் செய்து போல்ற்றினால் பூட்டினால், பிற்காலத்தில் லொறியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோகலாம். பொக்ஸ் பார் வெளியிலிருந்து அன்றி உள்ளிருந்துதான் உக்குகிறது. ஒட்டுக்களின் நுண்துளை வழியே புகும் மழைநீர் அடியில் தேங்கி, வர்ணம் பழுதுபடாமல் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உட்புறத்தைக் கறள் தின்றுவிடும். ஆகையால் ஒவ்வொரு நிமிர்ந்த சட்டத்தின் அடியிலும் நீர் வடிய ஒரு சிறு துளை இட வேண்டும். துளை இட்டால் மட்டும் போதாது. குளவி மண் குழைத்துவந்து சில நாட்களில் அதனை அடைத்துவிடும் என்பதால், மெல்லிய கம்பிவலைத் துண்டொன்றை வாயில் ஒட்டிவிடுங்கள். உட்தரைக்குப் பனஞ்சலாகை நல்லது. கறையான் அதனை இலகுவில் அண்டாது. ஆனால் அதன் நிறை சுவர்களுக்கு ஆகாது. பனை தறிப்பதற்கும் மரம் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி தேவை என்பதையும் கவனத்திற் கொள்க.

தோலுக்குப் பலரும் 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை எடுப்பார்கள். எட்டுக்கு நான்கு அடித் தாள் ஒன்று 10 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். வெட்டவும் பூட்டவும் சுகமானது. எனினும் அதன் வெட்டுவிளிம்பே நீர் குடிக்கும் வாய் ஆகையால், பூட்டுமுன் எல்லா விளிம்புகளுக்கும் வர்ணமோ றெசினோ பூச வேண்டும். நாகமுலாம் பூசிய தகரத்தை எடுத்தால் கறையான் கவலை இல்லை. ஆனால் சாதாரண எனமல் வர்ணம் அதில் நேரடியாகப் பிடிக்காது, சில மாதங்களில் செதிலாக உரியும். நாகமுலாமுக்குரிய அடிப்பூச்சைக் கேட்டு வாங்குங்கள்.

அடியில் இரு பக்கமும் கிடக்கும் நீண்ட உருளைகளுக்கு ஒட்டுப்பலகையில் வளையங்கள் வெட்டி, இரண்டு அடிக்கு ஒன்றாக ஒரு குழாயில் கோர்த்து, மெல்லிய தகரத்தைச் சுற்றிவிடலாம். அவற்றின் முனைகளும் வேறு வளைந்த பகுதிகளும் பைபர் வேலையாகும், அதாவது கண்ணாடியிழையில் றெசின் பூசி இறுகவிடும் வேலை. முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்க் கரைகளில் படகு திருத்துவோரின் கைக்கு இது பழகிய வேலை; அவர்களுள் ஒருவரை ஒரு நாள் கூட்டிவந்து பார்த்துப் பழகுவது, படித்துப் பழகுவதைவிட மேலானது. ரெஜிபோமைச் செதுக்கி அச்சாக்க விரும்புபவர், படகுக்குப் பாவிக்கும் பொலியெஸ்டர் றெசின் அதனைக் கரைத்துவிடும் என்பதை அறிந்து, முதலில் வெள்ளைப் பசையும் தாளுமாகப் பல படைகள் ஒட்டிக் காயவிட வேண்டும். இறுக்கும் திரவத்தை றெசினின் நிறையில் 1 முதல் 2 வீதமே சேர்ப்பது வழக்கம். வன்னி வெயிலில் 1 வீதத்தை அண்டி நின்று, சிறு சிறு அளவாகக் குழைத்து, விடிகாலையில் வேலை செய்தால்தான் கோப்பையிலேயே இறுகாமல் தப்பலாம். அந்தத் திரவத்தையும், றெசினை விரைவாக இறுகச் செய்யும் கோபோல்ற் ஊக்கியையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றாகக் கலக்கக்கூடாது, அது வெடிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்காதீர்கள்.

வர்ணம் பூசும் வேலையை வாகன ரிங்கரிங் செய்பவரிடம் விட்டுவிடலாம். இளஞ்சாம்பல் நிறம், பக்கத்தில் ஓடத்தின் பெயர், என்.சி.சி-1701/7 என்ற இலக்கம் ஆகியவை போதும். விளக்குகளுக்கு 12 வோல்ற் எல்.ஈ.டி. பட்டியையும் முச்சக்கரவண்டிப் பற்றறியையும் பயன்படுத்துங்கள். பற்றறிக்கு அருகிலேயே பியூஸ் ஒன்று இருக்கட்டும். கட்டடத்துக்குரிய அனுமதி தேவையா என்பதைக் கொங்கிறீற் போடுமுன் பிரதேச சபையில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கட்டி முடிந்ததும் ஊர்ப்பிள்ளைகள் உள்ளே ஏறி விளையாடுவார்கள். அதனைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் வெப்பம் விரைவாக ஏறும். ஆகையால் முன்னும் பின்னும் கம்பிவலையிட்ட காற்றுவாய்கள் அமைத்து, கதவின் கொளுக்கியைச் சிறு பிள்ளையும் உள்ளிருந்து தள்ளித் திறக்கும் வகையில் தாழ்வாகப் பொருத்துங்கள். வெளியிலிருந்து பூட்டும் கொளுக்கி எதனையும் அந்தக் கதவில் வைக்காதீர்கள்.