வாசலை மறித்துப் படுத்த பூனை

காரைக்குடியில் எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவன் கருப்பன், போன ஆடியில் வந்தவள் சிட்டு. அவள் வந்த ஒரே மாதத்தில் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேலேயே மூத்திரம். "தாத்தா காலத்துக் கல்லுடா தம்பி" என்று அப்பத்தா தினமும் அர்ச்சனை.

முதலில் மருத்துவரிடம் காட்டினேன். சிறுநீர்த் தொற்று எதுவும் இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்து கவனித்தேன். பூனைகள் ஒதுங்கும் மண் தொட்டி இருந்தது வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், ஒரே வாசல் உள்ள சின்ன அறையில். சிட்டு உள்ளே போனதும் கருப்பன் வந்து நிலைப்படியில் படுத்துக்கொள்வான். உறுமல் இல்லை, சண்டை இல்லை. சும்மா படுத்திருப்பான், பெரிய பண்ணையார் மாதிரி. அவளுக்கு வெளியே வர வழி கிடையாது.

பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது கணக்கு. மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்தேன். பயனில்லை, பூனைக்கு அது ஒரே இடம்தான். பிறகு ஒன்றை முற்றத்துத் தாழ்வாரத்திலும் ஒன்றை முகப்பிலும் வைத்தேன், இரண்டு பக்கமும் தப்பிக்க வழி இருக்கும்படி. மூடிகளைக் கழற்றினேன். வாசனை மணலை நிறுத்தி, காலையும் மாலையும் கழிவை அள்ளினேன். ஃபினாயிலையும் விட்டேன், அது பூனைக்கு நஞ்சு. கறைக்கு, மூத்திர நாற்றத்தைச் சிதைக்கும் என்சைம் கிளீனர்.

மூன்று வாரத்தில் கல் காய்ந்தது. முகப்புத் தொட்டியை மட்டும், விருந்தாளி வந்தால் அப்பத்தா முறத்தால் மூடிவிடுகிறார்.