முட்டைக்கோஸ் தேமல் நோய்: அசுவினியை எங்கே மறிப்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் மார்ச், ஏப்ரலில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நாற்று நடுகிறோம். மே மாதம் மழை ஓய்ந்ததும் அசுவினி பெருகும். இலை மடிப்பில் சாம்பல் பூத்தாற்போல் அப்பிக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் பலரும் மருந்து தேடுவார்கள். ஆனால் தேமலைக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்தக் கூட்டமல்ல. எங்கிருந்தோ பறந்து வந்து, ஒரு இலையைக் குத்திப் பார்த்து, பிடிக்காமல் அடுத்த செடிக்குத் தாவும் சிறகுள்ள அசுவினிதான் அதைக் கொண்டுவருகிறது. கோஸில் குடியேறாத இனங்களும் இப்படிப் பரப்பும்.

கோஸையும் தாக்கும் டர்னிப் தேமல் வைரஸ், அசுவினியின் உறிஞ்சுகுழல் நுனியில் பேனா முள்ளில் மை ஒட்டுவதுபோல ஒட்டிக்கொள்கிறது. நோயுள்ள இலையைச் சில நொடி குத்தினாலே போதும், அடுத்த செடிக்குக் கொடுக்கவும் அவ்வளவு நேரம்தான். இரண்டு மூன்று இலையைக் குத்தியதும் நுனி சுத்தமாகிவிடும். டர்னிப் மஞ்சள் வைரஸ் வேறு வகை. அசுவினி சாற்றுக்குழாயில் நின்று நிதானமாகக் குடித்தால்தான் அது உள்ளே போகும். உடலுக்குள் சுற்றி உமிழ்நீருக்கு வர ஒரு நாள் வாக்கில் ஆகும், ஆனால் வந்தபின் அந்த அசுவினி சாகும்வரை பரப்பும். காலிஃபிளவர் தேமல் வைரஸ் இரண்டுக்கும் நடுவில், சில மணி நேரம் தங்கும்.

1. மூலத்தை அழியுங்கள். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பழைய பாத்தியில் பூத்து நிற்கும் கோஸ், கேல், கடுகுக்கீரை, வேலியோரக் காட்டு முள்ளங்கி எல்லாவற்றையும் வேரோடு எடுங்கள். இந்த வைரஸ்கள் கோஸ் விதை வழியாகப் பரவுவதில்லை; உயிருள்ள செடியில்தான் காத்திருக்கின்றன. போன பருவத்துக் கட்டையில் துளிர் விடட்டும், கீரைக்கு ஆகும் என்று விட்டுவைப்பது நம்மிடையே சகஜம். அந்தத் துளிர்தான் புது நாற்றுக்கு முதல் ஆபத்து. பிடுங்கியதை அங்கேயே வாட விட்டால் அசுவினி இறங்கிப் பக்கத்துச் செடிக்கு நடந்துவிடும். முதலில் பை போட்டு மூடி, பிறகு பிடுங்குங்கள்.

2. நாற்றை மூடி வையுங்கள். சின்ன வயதில் தொற்றினால் இழப்பு அதிகம். கொசுவலைத் துளை அசுவினிக்குப் பெரிய வாசல். அரை மில்லிமீட்டருக்குக் குறைவான துளையுள்ள பூச்சிவலை அல்லது செடிக்குப் போர்த்தும் பனித்துணி வேண்டும். ஓரத்தை மண் போட்டு மூடுங்கள். உள்ளே ஒரே ஒரு அசுவினி சிக்கினாலும் ஆண் தேவையின்றியே குட்டி போடும். பத்து நாளில் அந்தக் குட்டிகளும் குட்டி போடும். தின்ன வரும் எதிரிகளையும் வலை தடுப்பதால் வாரம் ஒருமுறை திறந்து இலையடியைப் பாருங்கள்.

3. மஞ்சள் பேசின் வையுங்கள். மஞ்சள் பேசினில் பாதி தண்ணீர், நாலைந்து சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். செடி உயரத்தில் வைத்து இரண்டு நாளுக்கொருமுறை பாருங்கள். சிறகுள்ளவை திடீரென்று கூடினால் புதுக் கூட்டம் பறந்து வருகிறது. அந்த வாரம் நாற்று நடாதீர்கள்.

4. சுற்றிலும் மீலி (மக்காச்சோளம்) போடுங்கள். நடவுக்கு நாலைந்து வாரம் முன்பு பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம். பறந்து வரும் அசுவினி முதலில் அதில் இறங்கிக் குத்தி, தேமல் வைரஸை அங்கேயே விட்டுவிடும். மஞ்சள் வைரஸை இது நிறுத்தாது. உள்நாட்டில் பனி விழும் இடங்களில் மீலிக்குப் பதில் ஓட்ஸ். வரிசைகளுக்கு இடையே வைக்கோல் பரப்புவதும் உதவும், வெறும் மண்ணில் பச்சை தனியாகத் தெரிந்தால் அசுவினி இறங்கும்.

5. எண்ணெய், பிறகு மருந்து. தோட்டத்துக்கென்று விற்கும் கனிம எண்ணெய், லிட்டருக்கு 10 மில்லி, வாரம் ஒருமுறை, இலையின் இருபுறமும் நனையும்படி. இது குழல் நுனியில் வைரஸ் ஒட்டுவதைக் குறைக்கும். லேபிளில் வேறு அளவு இருந்தால் அதையே எடுங்கள். வெயில் ஏறிய நேரத்திலும் வாடிய செடியிலும் அடித்தால் இலை கருகும். கந்தகம் அடித்த செடியில் அடிக்கவே கூடாது.

பூச்சிமருந்து தேமலைத் தடுப்பது அரிது. மருந்து வேலை செய்வதற்குள் குத்தல் முடிந்துவிடும். பைரெத்ராய்டு வகை அசுவினியை அமைதியிழக்கச் செய்து, பல செடிக்குத் தாவ வைக்கவும் கூடும். பீச் மரத்திலும் வாழும் பச்சை அசுவினிக்குப் பல மருந்துகள் பழகிப்போய்விட்டன. மஞ்சள் வைரஸ் மட்டும் விதிவிலக்கு: அது பரவ நேரம் பிடிப்பதால் ஊடுருவும் மருந்து பயன் தரும். பழுப்பு நிறத்தில் உப்பி, ஓட்டையோடு ஒட்டியிருக்கும் அசுவினிக் கூடுகள் தெரிந்தால் மருந்தை நிறுத்தி வையுங்கள். அது ஒட்டுண்ணிக் குளவியின் வேலை.

அடையாளம்: தேமலில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக வரும், நரம்பு வெளுக்கும். மஞ்சள் வைரஸில் அடியிலை ஓரம் சிவந்து ஊதாவாகும். உரக்குறை என்று நினைத்து யூரியா போட்டால் இளந்தளிர் கூடி அசுவினிக்கு விருந்தாகும்.

தலை கட்டாத செடியில் தேமல் தெரிந்தால் உடனே எடுங்கள். கட்டிய பிறகு தெரிந்தால் விட்டு அறுவடை செய்யலாம். இந்த வைரஸ் மனிதரைத் தொடாது, தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் சேமித்து வைத்து விற்க எண்ணாதீர்கள். டர்னிப் தேமல் பிடித்த கோஸ் வெளியே நன்றாக இருந்தாலும், கிடங்கில் இருக்கும்போது உள்ளிலைகளில் கருப்புப் புள்ளிகள் விழும்.